டெஸ்க்டாப் தெரிவதற்கு முன்பே வேலைக்கு வந்துவிடும் காவலாளி

தக்கலையில் என் பெரியம்மா மகள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஆன்லைன் விண்ணப்பம், பட்டா நகல், ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தல் என்று காலை ஒன்பது மணிக்கே ஆள் வந்துவிடும். அந்த நேரத்தில் கணினியைப் போட்டால், ஆண்ட்டிவைரஸின் பெரிய ஜன்னல் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். மூடினால் போய்விடும், அடுத்த முறை போட்டால் மறுபடியும் வந்துவிடும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் நாளில் நாலு முறை கணினியைப் போட்டால் நாலு முறையும் அதே கதைதான். “தம்பி, இதை மட்டும் எடுத்துவிட்டுப் போ, எனக்கு வேறொன்றும் வேண்டாம்” என்றார் அக்கா.

எடுத்துவிடலாம். ஆனால் எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும். ஆண்ட்டிவைரஸ் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று துண்டுகளாக வேலை செய்கிறது. விண்டோஸின் அடித்தளமான கெர்னலோடு ஒட்டிக்கொண்டு ஓடும் டிரைவர் ஒன்று. பின்னணியில் ஓசையில்லாமல் இயங்கும் சர்வீஸ் ஒன்று. கடைசியாக, நம் கண்ணில் படும் ஜன்னலும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஐகானும். காவல் காப்பவை முதல் இரண்டும்தான். ஜன்னல் அவர்களுடைய அறிவிப்புப் பலகை.

இவை வரும் வரிசையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தோவாளைப் பூச்சந்தைக்கு எட்டு மணிக்குப் போகிறவர் பார்ப்பது மிச்சத்தைத்தான். பெரிய வியாபாரம் விடிவதற்குள் முடிந்திருக்கும். டெஸ்க்டாப்பும் அப்படித்தான். பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டில் பதிந்திருக்கும் நிரல் விழிக்கிறது. அது விண்டோஸை ஏற்றும் நிரலைக் கூப்பிடுகிறது. கெர்னல் நினைவகத்துக்கு வருகிறது. அதோடு டிரைவர்கள் வருகின்றன. பிறகு சர்வீஸ்கள். கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போன பிறகுதான் டெஸ்க்டாப். ஜன்னல்களைத் திறக்கும் வேலை அதற்கும் அப்புறம்.

காவலாளி ஏன் இவ்வளவு முந்த வேண்டும்? முதலில் உள்ளே வருகிறவன் கையில்தான் சாவி இருக்கும் என்பதால். 1986ஆம் ஆண்டில் லாகூரைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் எழுதிய ‘பிரெய்ன்’ வைரஸ், பிளாப்பி டிஸ்கின் முதல் பகுதியில் போய் உட்கார்ந்துகொண்டது. கணினி விழித்ததும் படிக்கும் இடம் அதுவே. தனக்குப் பின்னால் வருகிற எந்த நிரல் அந்தப் பகுதியைப் படிக்கக் கேட்டாலும், எடுத்து ஒளித்து வைத்திருந்த பழைய நகலைக் காட்டி ஏமாற்ற அதனால் முடிந்தது. முந்தி வந்த திருடனைப் பிந்தி வந்த காவலாளியால் பிடிக்க முடியாது. 2012இல் வந்த விண்டோஸ் 8 இதற்கு ஒரு வழி செய்தது: வெளி நிறுவனங்களின் மற்ற டிரைவர்களுக்கு முன்பே ஆண்ட்டிவைரஸின் சிறிய டிரைவர் ஒன்று ஏற்றப்பட்டு, பின்னால் வருகிற ஒவ்வொன்றையும் நல்லது, கெட்டது, தெரியாதது என்று தரம் பிரித்துச் சொல்லும்.

இவ்வளவு உள்ளே இடம் கொடுப்பதில் ஆபத்தும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையோடு நிறுத்தியது. டிரைவர் விழுந்தால் கெர்னலும் சேர்ந்து விழும். ஜன்னல் விழுந்தால் ஜன்னல் மட்டும்தான்.

ஆகவே, ஜன்னல் தானாகத் திறப்பதை நிறுத்தினாலும் காவல் நிற்காது. விண்டோஸோடு வரும் டிபெண்டரையே பாருங்கள். கடிகாரத்தருகே இருக்கும் அதன் கேடய ஐகான் தனி நிரல். அதை முடக்கிவிட்டாலும், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரில் ‘ஆண்ட்டிமால்வேர் சர்வீஸ்’ என்று தொடங்கும் வரி ஓடிக்கொண்டே இருக்கும்.

தானாகத் திறக்கச் சொல்லும் உத்தரவு முக்கியமாக மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸின் பெரிய பதிவேடான ரிஜிஸ்ட்ரியில் ‘ரன்’ என்ற பகுதி முதலாவது. ‘ஸ்டார்ட்அப்’ என்ற கோப்புறை இரண்டாவது. இந்த இரண்டிலும் இருப்பவற்றை டாஸ்க் மேனேஜரே காட்டும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், வேண்டாததை முடக்கலாம். முடக்கினால் அந்த வரி அழிவதில்லை. ‘இதை ஓட்டாதே’ என்ற குறிப்பு வேறோர் இடத்தில் பதிவாகிறது, அவ்வளவுதான். அதனால் தவறாக எதையாவது முடக்கிவிட்டோமோ என்று பதற வேண்டாம், திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். மென்பொருள் அப்டேட் ஆகும்போது புதிய பெயரில் புதிய வரியை எழுதிக்கொண்டால், முடக்கியது திரும்பி வந்ததுபோலத் தோன்றும்.

அக்கா கடையில் இதைத்தான் முதலில் செய்தேன். மறுநாள் காலை போன் வந்தது: “ஐகானைக் காணவில்லை. ஜன்னல் மட்டும் வருகிறது.” வேண்டியது போய், வேண்டாதது நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் திரும்பப் போய் மூன்றாவது இடத்தைத் திறந்தேன். டாஸ்க் ஷெட்யூலர். ‘இத்தனை மணிக்கு இதைச் செய்’, ‘ஆள் உள்ளே வந்ததும் இதைச் செய்’ என்ற உத்தரவுகள் இருக்கும் இடம் அது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் இவை தென்படாது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய ‘ஆட்டோரன்ஸ்’ என்ற இலவசக் கருவி மூன்று இடங்களையும், இன்னும் பல மூலைகளையும், ஒரே பட்டியலில் காட்டிவிடும்; மைக்ரோசாப்ட் தளத்திலேயே கிடைக்கிறது. கணினியை நம்பிப் பிழைக்கிற ஒவ்வொரு கடையிலும் அது இருக்க வேண்டும் என்பேன்.

ஷெட்யூலரில் அந்த வரி இருந்தது. முடக்கக் கை போனபோதுதான், இத்தனை நாள் எல்லோரும் மூடிக்கொண்டிருந்த அந்த ஜன்னலை நிதானமாகப் படித்தேன். கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில்: வைரஸ் விவரங்கள் 43 நாட்களாகப் புதுப்பிக்கப்படவில்லை. உள்ளே வந்ததும் தன் நிலையைச் சோதித்து, குறை இருந்தால் மட்டும் ஜன்னலைத் திறப்பதே அந்த உத்தரவின் வேலை. அப்டேட் ஏன் நின்றது என்று பார்த்தால், சி டிரைவின் கோடு சிவப்பாக இருந்தது. இரண்டு வருடமாக வாடிக்கையாளர்களுக்கு ஸ்கேன் செய்த ஆதார், சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல் அத்தனையும் டவுன்லோட்ஸ் கோப்புறையில் கிடந்தன. இறங்கிய அப்டேட்டைப் பிரித்து வைக்க இடமில்லை. அடுத்தவர்களின் சான்றிதழ்கள் அப்படிக் கிடப்பதே தவறு; உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தோம். ஒரு மணி நேரத்தில் அப்டேட் முடிந்தது. ஷெட்யூலர் வரியை நான் தொடவே இல்லை. ஐகானைத் திருப்பிப் போட்டுக் கணினியை மறுபடி தொடங்கினேன். ஜன்னல் வரவில்லை.

கணினி மந்தமாக விழிப்பதற்கும் ஆண்ட்டிவைரஸ் மேல்தான் பழி விழும். அந்தக் கடைக் கணினியில் இருப்பது நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க். நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. படிக்கும் முள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்து, வேண்டிய பகுதி தன்னடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால், நொடிக்கு நூறு தடவைகூட இடம் மாறிப் படிக்க முடியாது. காலையில் பத்து நிரல்கள் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைக் கேட்கின்றன. அவை கோப்பைத் திறக்கும்போது ஆண்ட்டிவைரஸ் டிரைவர் குறுக்கே கை நீட்டிச் சோதித்துவிட்டுத்தான் விடுகிறது. முள் அலைகிறது, நாம் காத்திருக்கிறோம். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் முள்ளே கிடையாது. மாற்றிவிட்டால் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் போய்விடும். இரண்டு ஆண்ட்டிவைரஸ் போட்டால் இரண்டு கைகள் குறுக்கே நீளும், பாதுகாப்பு இரட்டிக்காது.

நீங்கள் நிறுவாத பெயரில் ஜன்னல் திறந்து, ‘நூற்றுக்கணக்கான வைரஸ்கள் இருக்கின்றன, பணம் கட்டுங்கள்’ என்றால் அது ஆண்ட்டிவைரஸே அல்ல. மோசடி நிரல்களும் இதே மூன்று இடங்களில் தங்களை எழுதிக்கொள்வதுண்டு. அதில் எந்தப் பொத்தானையும் தொடாமல், ஆட்டோரன்ஸில் அந்த வரி எந்தக் கோப்பைக் காட்டுகிறது, அதில் எந்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.

கடையை அடைக்கும் முன் அக்கா கேட்டார்: “ஜன்னல் போய்விட்டது சரி, காவல் இருக்கிறதென்று எப்படித் தெரியும்?” நியாயமான கேள்வி. இதற்கென்றே ‘ஐகார்’ என்ற சோதனைக் கோப்பு உண்டு. வெறும் 68 எழுத்துகள். யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் ஆண்ட்டிவைரஸ்கள் அதை வைரஸ்போலவே பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோட்பேடில் அந்த 68 எழுத்துகளையும் ஒட்டிச் சேமித்தேன். டெஸ்க்டாப்பில் ஐகான் தோன்றியது. அக்கா குனிந்து பார்ப்பதற்குள் மறைந்தது. வலது மூலையில் ஒரு சிவப்புச் சீட்டு வந்து நின்றது.

“இது வந்தால் மூடக் கூடாது, படிக்க வேண்டும், இல்லையா?” என்றார்.