சீல் மேல் பழி போடும் முன்

சின்ன டிராக்டரின் முன்சக்கரத்துக்கு உட்புறம் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கருப்பாய் அப்பிக் கிடந்தால், பார்ப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: “சீல் போயிடுச்சு, மாத்திடு.” மாற்றினால் கசிவும் நிற்கும். சில மாதம் போனதும் அதே இடத்தில் மறுபடி ஈரம். ஆயில் சீல், அதாவது சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் வெளியேறாமல் அடைத்து நிற்கும் ரப்பர் வளையம், வயதாகிக் கெட்டுப்போவது உண்டுதான். ஆனால் பல நேரம் வேறு எங்கோ இருக்கும் கோளாறுக்கு அது பலியாகிறது. அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்காமல் சீலை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரின் முன் ஆக்சில் என்பது பல்சக்கரங்கள் எண்ணெயில் ஓடும் மூடிய பெட்டி. கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) நடுவிலுள்ள டிஃபரென்ஷியலை, அதாவது சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியைச் சுழற்ற, அங்கிருந்து இருபுறமும் ஷாஃப்ட்டுகள் சக்கரம் நோக்கிப் போகின்றன. பல மாடல்களில் சக்கரத்தை நெருங்கியதும் அந்தச் சுழற்சி சுழற்சியின் திசையைத் திருப்பும் ஒரு ஜோடி பெவல் கியர் (சாய்வுப் பல்சக்கரம்) வழியாகச் செங்குத்தாகக் கீழே இறங்கி, இன்னொரு ஜோடி வழியாகச் சக்கரத்துக்குத் திரும்பும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது அந்தச் செங்குத்து ஷாஃப்ட்டைச் சுற்றித்தான் கீழ் கியர் கேஸ் முழுவதும் திரும்புகிறது. இதனால் சக்கரத்தை நன்றாக ஒடிக்கலாம், ஆக்சிலும் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். அதே சமயம் எண்ணெய் தப்பிக்கும் வழிகளும் கூடிவிடுகின்றன: ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடம் ஒன்று, சக்கர ஷாஃப்ட்டுகள் வெளியே வரும் இடம் இரண்டு, கியர் கேஸ் திரும்பும் இடம் இரண்டு. இந்த ஐந்தும் அசையும் இடங்கள். மூடிகள், ஓ-ரிங்குகள் என்ற ரப்பர் வளையங்கள், வடிகால் போல்ட் எல்லாம் அதற்கு மேல்.

அசையும் இடங்களைக் காப்பது ஆயில் சீலின் உதடு. இரும்பு வளையத்தில் ஒட்டிய ரப்பர், அதன் முனையில் கூரான உதடு, உதட்டுக்குப் பின்னால் அதை ஷாஃப்ட்மேல் அழுத்தும் மெல்லிய சுருள் ஸ்பிரிங். உதடு ஷாஃப்ட்டை எண்ணெயே இல்லாமல் வறண்டு உரசிக்கொண்டிருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். அப்படி உரசினால் சீக்கிரமே கருகிவிடும். உண்மையில் இரண்டுக்கும் இடையே மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் ஓர் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. தலைமுடியின் தடிமனே 50 முதல் 100 மைக்ரான் வரை என்பதை வைத்து அது எவ்வளவு மெலிது என்று பார்த்துக்கொள்ளலாம். உதட்டின் எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாகவும், காற்றுப் பக்கம் சரிவாகவும் வெட்டப்பட்டிருக்கும். இந்தச் சமமின்மையால் ஷாஃப்ட் சுழலும்போது, வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை உதடு உள்ளேயே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதாவது சீல் ஒரு குட்டிப் பம்ப். அதைத் திருப்பிப் போட்டுவிட்டால் எண்ணெயை வெளியே இறைக்கும்.

ஆனால் இந்தப் பம்ப்பால் அதிக அழுத்தத்தைத் தாங்க முடியாது. சாதாரண சீல்கள் சுமார் 0.3 பார் வரைக்குமே தயாரிக்கப்பட்டவை (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்). ஆக்சில் வேலை செய்யச் செய்ய உள்ளே சூடு ஏறும், காற்று விரியும். அது வெளியேற ஆக்சிலின் மேல்பக்கம் பிரீதர் என்ற சின்ன மூச்சுக்குழல் வைத்திருப்பார்கள். மண்ணும் பிசுக்கும் அதை அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளே 3 லிட்டர் எண்ணெய், 1 லிட்டர் காற்று, சூடு 25 டிகிரியிலிருந்து 75 டிகிரி செல்சியஸுக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று சூடாவதால் மட்டும் அழுத்தம் சுமார் 0.17 பார் ஏறும். எண்ணெயும் கிட்டத்தட்ட 100 மில்லி விரிந்து காற்றின் இடத்தைப் பிடிப்பதால், மொத்தம் 0.3 பாரைத் தொட்டுவிடும். இதே ஆக்சிலில் அரை லிட்டர் எண்ணெய் கூடுதலாக இருந்தால் 0.5 பாரையும் தாண்டும். புதுசீல்கூட அதற்கு மசிந்துபோகும். நல்ல மனசோடு கொஞ்சம் அதிகமாக ஊற்றுவதும் கசிவுக்குக் காரணமாவது இப்படித்தான்.

அதனால் முதல் வேலை பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்ப்பது. காசு செலவில்லாத சோதனை. வேலை முடிந்து வந்த டிராக்டரில், சூடு அடங்கும் முன் மேல் மூடியை மெதுவாகத் தளர்த்தும்போது உஸ்ஸென்று காற்று வந்தால் பிரீதர் அடைத்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். முகத்தை மட்டும் எட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கசிவது ஆக்சில் ஆயில்தானா என்று பார்க்க வேண்டும். பவர் ஸ்டியரிங் சிலிண்டர் ஆக்சிலை ஒட்டியே இருக்கும். அதன் ஹைட்ராலிக் ஆயில் வழிந்து வந்து சக்கரத்தின் ஓரத்தில் சொட்டும். கியர் ஆயில் கெட்டியானது, கந்தகச் சேர்க்கை இருப்பதால் ஒரு கார நெடி அடிக்கும். ஹைட்ராலிக் ஆயில் அதைவிட நீர்த்தது. சில மாடல்களில் ஆக்சிலுக்கும் கியர்பாக்ஸ் ஆயிலையே ஊற்றச் சொல்வார்கள் என்பதால் மூக்கை மட்டும் நம்ப முடியாது. ஆக்சிலை முழுக்கக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவிவிட்டு, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்ப்பது நல்ல வழி. எண்ணெய் கீழ்நோக்கி ஒழுகும், சக்கரம் அதைச் சுற்றிலும் தெறிக்கவிடும். எனவே சொட்டும் இடம் முக்கியமில்லை. நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அங்கேதான் தேட வேண்டும்.

மூச்சுக்குழல் சரி, எண்ணெய் அளவும் சரி, ஆனாலும் சீலில்தான் கசிகிறது என்றால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்; பேரிங் தேய்ந்திருந்தால் தடதடவென்று ஆட்டம் தெரியும். ஷாஃப்ட் ஆடினால் உதட்டால் அதன் பின்னாலேயே ஓட முடியாது, ஒரு பக்கம் இடைவெளி விழும். தேய்ந்த பேரிங்கை விட்டுவிட்டு எத்தனை சீல் போட்டாலும் இதே கதைதான். இன்னொரு சத்தமில்லாத வில்லன், வயலில் கிடக்கும் கயிறும் நைலான் நூலும். சக்கர ஷாஃப்ட்டில் சுற்றி, இறுகி, உதட்டையே அறுத்துவிடும்.

சீலைக் கழற்றிய பின் அது உட்கார்ந்திருந்த ஷாஃப்ட் பரப்பில் விரல் நகத்தை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. மெத்தென்ற ரப்பர் இரும்பைத் தேய்க்குமா? ரப்பரில் புதைந்த தூசி தேய்க்கும். அந்தப் பள்ளத்தில் புது உதடு உட்கார்ந்தாலும் நிற்காது. மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஒன்றை மேலே செருகலாம்; அல்லது இடம் இருந்தால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தி, உதடு தேயாத பரப்பில் ஓடும்படி செய்யலாம். எமரி பேப்பரை நீளவாக்கில் தேய்க்கவே கூடாது. அந்தக் கீறல்கள் எண்ணெய்க்கு வாய்க்கால் வெட்டியது போல ஆகிவிடும்.

பிரிக்கும்போது பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, எடையை ஜாக்கியில் விடாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன் ஆக்சில் நடுவில் ஊசலாடும் அமைப்பு என்பதால் இருபுறமும் ஆப்பு வைக்காவிட்டால் ஒரு பக்கம் தூக்கியதும் சாயும். கியர் கேஸுக்குள் இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகள் இருந்தால் எண்ணிக்கையும் வரிசையும் மாறாமல் திரும்பப் போக வேண்டும். பெவல் கியர்களின் இடைவெளி அதை நம்பித்தான் இருக்கிறது. புது சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கி இருக்கட்டும். உதட்டில் எண்ணெய் தடவி, ஷாஃப்ட்டின் பல்வெட்டு முனை உதட்டைக் கிழிக்காதபடி அதை டேப்பால் சுற்றிவிட்டு நுழைக்க வேண்டும். சுத்தியலால் நேரே அடிக்காமல் வெளிவளையத்தின் அளவுக்கு ஒத்த குழாயை வைத்து நேராக இறக்குங்கள். கோணலாக உட்கார்ந்த சீல் முதல் நாளே கசியும்.

வடித்த எண்ணெயையும் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான ஆக்சில் சேற்றுநீரில் இறங்கித் திடீரென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, உதட்டின் வழியாகவோ நீரில் மூழ்கிய பிரீதர் வழியாகவோ வெளித்தண்ணீரை உறிஞ்சும். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மை போன்ற நுண்பொடி ஒட்டியிருந்தால் கவலையில்லை. செதில் செதிலாக இருந்தால் கியரோ பேரிங்கோ உடைந்துகொண்டிருக்கிறது.

ஊற்றும்போது அவசரப்படாதீர்கள். கெட்டியான கியர் ஆயில் நடுவிலிருந்து ஆக்சிலின் இரு முனைகளுக்கும் போய்ச் சேர நேரமாகும். அளவு சரியாகத் தெரிந்ததும் மூடிவிடாமல், சமதளத்தில் ஒரு கால் மணி நேரம் விட்டு மறுபடி பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கும். அப்புறம் குறைந்ததை மட்டும் ஊற்றி மூடிவிடுங்கள்.