வரைபடம் சாட்சி சொல்லும்போது

அமெரிக்காவில் காலநிலைக் கொள்கை பற்றி அரசு நடத்தும் விசாரணைகள் இரண்டு வகை. ஒன்று, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் குழுக்கள் கூட்டுவது. தொலைக்காட்சியில் காட்டுவதும், துண்டுக் காணொளிகளாகக் கைபேசிக்கு வந்து சேர்வதும் இதுதான். மற்றொன்று, ஒரு விதியைக் கொண்டுவரும் முன் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நடத்தும் பொதுக் கருத்துக்கேட்பு. இது செய்தியாவது அபூர்வம். முதல் வகையில் ஒருவர் சொன்ன வாதத்துக்கு யாரும் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. இரண்டாவதில் அரசு பதில் சொல்லியே தீர வேண்டும். சொல்லாவிட்டால் நீதிமன்றத்தில் விதியே விழக்கூடும். காலநிலை அறிவியல் எங்கே பேசப்படுகிறது, எங்கே சோதிக்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காங்கிரஸ் குழுவின் விசாரணையில் சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் குழுத் தலைவர், அதாவது அவையில் பெரும்பான்மை பெற்ற கட்சி. சிறுபான்மைக் கட்சிக்கு வழக்கமாக ஓர் இடம் கிடைக்கும். எனவே மேசையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்து, அவர்களில் மூவர் ஒரே பக்கம் பேசினால், அதை அறிவியலாளர்களின் கருத்து விகிதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த தேர்தலில் அவை கைமாறினால் அந்த விகிதமும் தலைகீழாகிவிடும். ஒவ்வொரு சாட்சியும் எழுத்து வடிவச் சாட்சியத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, வாய்மொழியாக ஐந்து நிமிடம் பேசுவார். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு நேரத்தைக் காட்டும். பிறகு உறுப்பினர்கள் கட்சிவாரியாக மாறி மாறிக் கேள்வி கேட்பார்கள். அவர்களுக்கும் ஐந்து ஐந்து நிமிடம்தான். அதில் பாதியை உறுப்பினரே பேசித் தீர்ப்பதும் உண்டு. விசாரணை முடிந்த பின் எழுத்தில் கேள்விகள் அனுப்பப்படும். அவற்றுக்கான பதில்களும் அச்சுப் பதிவில் சேரும். ஒரு சாட்சியின் வாதத்தை எடைபோட விரும்புகிறவர் காணொளியை விட்டுவிட்டு, எழுத்துச் சாட்சியத்தையும் இந்தப் பின்கேள்விகளையும் படிக்க வேண்டும். அடிக்குறிப்பும் தரவும் அங்கேதான் இருக்கும்.

ஐந்து நிமிடத்தில் எந்த அறிவியலாளராலும் ஒரு கருவியின் பிழைத்திருத்தத்தை விளக்க முடியாது. அதனால் வாதத்தின் முழுச் சுமையும் ஒரு வரைபடத்தின் மேல் விழுகிறது. அந்த வரைபடத்தில் என்னென்ன விட்டுப்போகலாம் என்பதற்கு 1988 ஜூன் 23 அன்று காங்கிரஸின் மேலவையான செனட்டில் நடந்த விசாரணையே நல்ல பாடம்.

அன்று நாசா ஆய்வாளர் ஜேம்ஸ் ஹான்சன், புவி வெப்பமாவது இயற்கையான ஏற்ற இறக்கம் அல்ல என்று 99 சதவீதம் உறுதியாகச் சொல்லலாம் என்றார். கூடவே, கணினி மாதிரியிலிருந்து மூன்று எதிர்காலக் கோடுகளைக் காட்டினார். ‘ஏ’ கோட்டில் உமிழ்வு ஆண்டுக்கு சுமார் 1.5 சதவீதம் கூட்டுவட்டி போலப் பெருகிக்கொண்டே போகும். ‘பி’ கோட்டில் அந்த வளர்ச்சி தணியும். நடக்க அதிக வாய்ப்புள்ளது இதுதான் என்று அவருடைய ஆய்வுக்கட்டுரையே சொன்னது. ‘சி’ கோட்டில் உமிழ்வு கடுமையாகக் குறைக்கப்பட்டு, 2000-க்குப் பிறகு பசுமை இல்ல வாயுக்களின் வெப்ப அழுத்தம், அதாவது அவை புவியில் கூடுதலாகத் தேக்கும் ஆற்றல், கூடாமல் நிற்கும். பத்து ஆண்டு கழித்து, 1998-இல் கீழவைக் குழு ஒன்றின் முன் வந்த சாட்சி ஒருவர் இவற்றில் ‘ஏ’ கோட்டை மட்டும் காட்டி, கணிப்பு பொய்த்துவிட்டது என்று வாதிட்டார். மற்ற இரண்டு கோடுகளும் அந்தப் படத்தில் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த உறுப்பினர்களுக்கு, அவை இருந்தன என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

இதற்காக ஹான்சனின் கணிப்பு அச்சுப் பிசகாமல் பலித்தது என்று சொல்வதும் தவறு. ‘பி’ கோடு காட்டிய வெப்பமும் உண்மையில் நடந்ததைவிடக் கூடுதல்தான். காரணத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். காலநிலைக் கணிப்பு என்பது இரண்டு ஊகங்களின் சேர்க்கை: மனிதர்கள் எவ்வளவு வாயுவை வெளிவிடுவார்கள் என்பது ஒன்று, அவ்வளவு வாயுவுக்குப் புவி எவ்வளவு சூடாகும் என்பது மற்றொன்று. முதலாவது பொருளாதாரமும் அரசியலும் சேர்ந்த விஷயம், இரண்டாவதுதான் இயற்பியல். ஓசோன் படலத்தைக் காக்க நாடுகள் செய்துகொண்ட மான்ட்ரியல் உடன்படிக்கையால், பசுமை இல்ல வாயுக்களுமான குளோரோஃபுளோரோகார்பன்கள் கட்டுக்குள் வந்தன. மீத்தேனும் எதிர்பார்த்த வேகத்தில் ஏறவில்லை. கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் 4.2 டிகிரி செல்சியஸ் கூடும் என்ற அன்றைய மாதிரியின் உணர்திறனும், இன்று சிறந்த மதிப்பீடாகக் கொள்ளப்படும் 3 டிகிரியைவிட அதிகம். வெப்ப அழுத்தம் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் கூடியது என்பதற்கு எதிரே வெப்பநிலை உயர்வை வைத்துப் பார்த்தால் முதல் ஊகத்தின் பிழை கழிந்துவிடும். 1970 முதல் 2007 வரை வெளியான 17 மாதிரிக் கணிப்புகளை 2019-இல் ஓர் ஆய்வு இப்படிச் சோதித்தது. 14 கணிப்புகள் நடந்ததோடு ஒத்துப்போயின. ஹான்சனுடையதும் இந்தக் கணக்கில் தேறியது. ‘கணிப்பு தவறியது’ என்று ஒரு சாட்சி சொன்னால், இரண்டு ஊகங்களில் எது தவறியது என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

விசாரணைகளில் அடுத்தபடி அதிகம் அடிபட்டது செயற்கைக்கோள் வெப்பநிலை வரைபடம். 1990-களில் தரை வெப்பமானிகள் உயர்வைக் காட்டின. செயற்கைக்கோள் தொடரோ பெரிதாக எதையும் காட்டவில்லை. செயற்கைக்கோள் புவி முழுவதையும் பார்க்கிறது, அதையே நம்புவோம் என்ற வாதம் பலமுறை முன்வைக்கப்பட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கருவி வெப்பநிலையை நேரடியாக அளப்பதே இல்லை.

காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் 50 முதல் 60 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் மைக்ரோ அலைகளை உமிழ்கின்றன. காற்று எவ்வளவு சூடோ அந்த அளவுக்கு உமிழ்வும் கூடும். 1978-இன் இறுதியிலிருந்து விண்ணில் இருக்கும் கருவிகள் இந்த உமிழ்வைப் பதிவு செய்கின்றன. கிடைப்பது ஒரு குறிப்பிட்ட உயரத்தின் வெப்பநிலை அல்ல. பல கிலோமீட்டர் தடிமனுள்ள காற்று அடுக்கின் கலவைச் சராசரி. அதில் மேலேயுள்ள அடுக்கு மண்டலத்தின் பங்கும் கொஞ்சம் கலந்திருக்கும். அந்த மண்டலம் குளிர்ந்துகொண்டு வருகிறது, ஆகவே அது மொத்த உயர்வை இழுத்துக் குறைத்துக் காட்டும். கீழே சூடாவதும் மேலே குளிர்வதும் சேர்ந்து நடப்பது பசுமை இல்ல வாயுக்களின் கைரேகை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்: சூரியன்தான் காரணம் என்றால் இரண்டுமே சூடாக வேண்டும்.

ஒரு செயற்கைக்கோள் சில ஆண்டுகளே உழைக்கும்; பிறகு இன்னொன்று வரும். இப்படிப் பல செயற்கைக்கோள்களின் பதிவுகளை ஒட்டுப்போட்டுத்தான் நீண்ட தொடர் உருவாகிறது. ஒட்டும் இடத்தில் பிழை நுழைய வழிகள் பல. மெல்லிய காற்றின் உராய்வால் செயற்கைக்கோள் மெதுவாக உயரம் இழக்கும். அதனால் சாய்கோணப் பார்வை மாறிப் பொய்யான குளிர்ச்சி தோன்றும். கீழ் அடுக்குத் தொடரில் இது இருப்பதை 1998-இல் இரண்டு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். திருத்தியபோது, பத்தாண்டுக்கு 0.05 டிகிரி குறைவு என்றிருந்த போக்கு 0.07 டிகிரி உயர்வாக மாறியது. கழித்தல் குறி கூட்டல் குறியாகிவிட்டது! இரண்டாவது பிழை நேரத்தைப் பற்றியது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஓர் இடத்தைக் கடந்துகொண்டிருந்த செயற்கைக்கோள், ஆண்டுகள் செல்லச் செல்ல மாலையை நோக்கி நகரும். மாலைக் காற்று குளிர்ந்திருக்கும் என்பதால், அந்த நகர்வுக்குத் திருத்தம் போட வேண்டும். புகழ்பெற்ற தொடர் ஒன்றில் அந்தத் திருத்தம் எதிர்த்திசையில் போடப்பட்டிருந்தது 2005-இல் தெரியவந்தது. தொடரை நடத்தியவர்களே அதை ஏற்றுச் சரிசெய்தார்கள். போக்கு பத்தாண்டுக்குச் சுமார் 0.09-லிருந்து 0.12 டிகிரியானது. 2006-இல் அமெரிக்க அரசின் மதிப்பீட்டு அறிக்கை, உலகச் சராசரியில் தரைக்கும் வானுக்கும் இருந்த பழைய முரண்பாடு தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்தது. அதற்குள் பழைய வரைபடம் எத்தனையோ விசாரணைகளின் பதிவில் ஏறியிருந்தது. அவற்றை யாரும் திருத்தப் போவதில்லை.

தரவு சரியாக இருந்தாலும் படம் ஏமாற்றலாம். 1998 வலுவான எல் நினோ ஆண்டு, அதாவது பசிபிக் கடல் சூடாகி உலக வெப்பநிலையைத் தற்காலிகமாக உயர்த்திய ஆண்டு. அந்த வெப்பம் வெப்பமண்டல மேல்காற்றில் தரையைவிடப் பெரிதாக எதிரொலிக்கும். அங்கிருந்து கோடு போடத் தொடங்கினால் பிந்தைய ஆண்டுகள் தட்டையாகவே தெரியும். தொடக்க ஆண்டை இரண்டு மூன்று ஆண்டு முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தால் போதும். முடிவு தலைகீழானால் அது போக்கு அல்ல, தேர்வு. மாதிரியையும் அளவீட்டையும் ஒரே ஆண்டில் முடிச்சுப் போட்டு ஒப்பிடுவதும் இதே தவறுதான். அந்த ஆண்டு தற்செயலாகச் சூடாக இருந்துவிட்டால், அளவீட்டுக் கோடு முழுவதும் கீழே இறங்கிவிடும். பல ஆண்டுச் சராசரியில் பொருத்தி, பிழை வரம்பையும் நிழலிட்டுக் காட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். 2007 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பசுமை இல்ல வாயுக்கள் தூய காற்றுச் சட்டத்தின்படி மாசுகளே என்று 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அவை மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்தா என்பதை அறிவியல் அடிப்படையில் முடிவு செய்யும் பொறுப்பு முகமைக்கு வந்தது. 2009 ஏப்ரலில் வரைவு வெளியானது. கருத்துச் சொல்ல 60 நாள் அவகாசம். மே மாதம் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனிலும் சியாட்டிலிலும் பொதுக் கருத்துக்கேட்பு நடந்தது. இந்தச் சட்டத்தின்படி, கேட்பு முடிந்த பிறகும் 30 நாள் கோப்பு திறந்திருக்க வேண்டும். மேடையில் எதிர்த்தரப்பு சொன்னதற்கு மறுப்பை எழுத்தில் கொடுக்கலாம். காங்கிரஸ் விசாரணையின் சிவப்பு விளக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வந்த கருத்துகள் 3,80,000-க்கும் மேல். அவற்றில் சுமார் 3,70,000 ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்பியவை. இது வாக்கெடுப்பு அல்ல. ஒரு வாதம் லட்சம் முறை வந்தாலும் முகமை அதற்கு ஒருமுறை பதில் சொன்னால் போதும். ஆனால் ஒரே ஒருவர் எழுப்பியதானாலும், முக்கியமான கேள்வியை முகமை தாண்டிப்போக முடியாது. அந்தப் பதில்கள் மட்டுமே 11 தொகுதிகளாக வந்தன. கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் உட்பட ஆறு வாயுக்கள் ஆபத்தானவை என்ற முடிவு 2009 டிசம்பரில் கையெழுத்தானது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அறிவியல் கேள்வி வரும்போதெல்லாம் அணு இருக்கிறது என்பதை முகமை மறுபடி நிரூபிக்கத் தேவையில்லை என்று அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது.

கருத்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒரு விதி இங்கே உண்டு. கருத்துக் காலத்தில் போதிய துல்லியத்தோடு எழுப்பாத ஆட்சேபத்தைப் பின்னர் வழக்கில் எழுப்ப முடியாது. ‘இந்த விதி வேண்டாம்’, ‘இது நாட்டுக்கு நல்லது’ என்ற வரிகளுக்கு அங்கே மதிப்பில்லை. வரைவின் எந்தப் பக்கம், எந்த வாக்கியம், அதற்கு மாறான தரவு எது, அந்தத் தரவை ஏற்றால் கணக்கு எப்படி மாறும் என்று எழுத வேண்டும். ஆய்வுக்கட்டுரையின் சுட்டியை மட்டும் தருவது ஆபத்து. முழுக் கோப்பையும் இணைத்தால்தான் அது பதிவின் பகுதியாகும்.

2025 ஜூலையில் அதே முகமை, 2009-இன் முடிவையே ரத்து செய்ய முன்மொழிந்தபோதும் இதே நடைமுறைதான் பொருந்தியது. ஆகஸ்டில் இணையவழியே கருத்துக்கேட்பு நடந்தது. அந்த முன்மொழிவு துணைக்கு எடுத்துக்கொண்ட, எரிசக்தித் துறைக்காக ஐந்து பேர் எழுதிய அறிவியல் அறிக்கைக்கு 85-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து 400 பக்கத்தைத் தாண்டும் மறுப்பைத் தந்தார்கள். தேசிய அறிவியல் கழகங்களும் செப்டம்பரில் தனி அறிக்கை வெளியிட்டு, 2009-இன் முடிவு சரியே என்றன. இந்த முகமை விதிகளின் கோப்புகள் அரசின் இணையதளத்தில் எவரும் திறந்து படிக்கும்படி இருக்கின்றன. 2009-இன் கோப்பு எண் 0171-ஐத் தேடினால், ஒவ்வொரு ஆட்சேபமும் அதற்கு முகமை சொன்ன பதிலும் தலைப்புவாரியாகக் கிடைக்கும். செயற்கைக்கோள் தரவு, சூரியனின் பங்கு, மாதிரிகளின் பிழை என்று இன்றும் கேட்கப்படும் பெரும்பாலான கேள்விகளுக்கு அங்கே பக்கம் பக்கமாக விடை இருக்கிறது.