விமானி சொன்னது, கோபுரம் கேட்டது

விமானிகளும் தரைக் கட்டுப்பாட்டாளர்களும் ரேடியோவில் பேசிக்கொள்வதை முதல்முறை கேட்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. கரகரப்பு, அவசரம், பாதி விழுங்கிய எண்கள். இதை வைத்துக்கொண்டு எப்படித்தான் விமானம் ஓட்டுகிறார்களோ என்று தோன்றும். ஆனால் கரகரப்பு அவ்வளவு பெரிய தொல்லை இல்லை. காதில் சரியாக விழவில்லை என்றால் "சே அகெய்ன்" என்று திரும்பக் கேட்டுவிடலாம். சரியாகக் கேட்டுவிட்டது என்று இரண்டு பக்கமும் நம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் விபத்துகள் நடந்திருக்கின்றன.

முதலில் கருவியைப் பார்ப்போம். பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகளில் பேசுகின்றன. பாட்டு கேட்கும் எஃப்.எம். வானொலி முடியும் இடத்துக்குச் சற்று மேலே. வானத்தின் ஒரு பகுதிக்கு ஓர் அலைவரிசை. அந்தப் பகுதியில் பறக்கும் விமானங்கள், அவற்றைக் கவனிக்கும் கட்டுப்பாட்டாளர் எல்லோருக்கும் அது ஒன்றுதான். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். பேசிக்கொண்டிருக்கும்போது வேறு யார் கத்தினாலும் நம் காதுக்கு வராது. எங்கோ ஒரு விமானத்தில் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால் மொத்த அலைவரிசையும் முடங்கிவிடும்.

இந்தப் பேச்சு இன்னும் பழைய ஏ.எம். முறையில்தான் நடக்கிறது. உலகம் முழுக்க அந்தக் கருவிகளே பரவிக் கிடப்பது ஒரு காரணம். இன்னொன்று சுவாரஸ்யமானது. எஃப்.எம்.மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், ரிசீவர் வலுவான சிக்னலைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். இரண்டாவது ஆள் பேசியதே தெரியாது. ஏ.எம்.மில் அப்படி இல்லை. குரல்களைச் சுமந்து வரும் இரண்டு ஊர்தி அலைகளின் அதிர்வெண்ணுக்கு இடையே உள்ள சிறு வித்தியாசம் ஒரு கீச்சொலியாகக் கேட்கும். குறுக்கே யாரோ பேசினார்கள் என்பதாவது தெரிந்துவிடும்.

தெரிந்தால் போதுமா? 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். அடர்ந்த மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 புறப்பட நிற்கிறது. அதே பாதையில் எதிரே பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 ஊர்ந்து வருகிறது. கே.எல்.எம். துணை விமானி, "வீ ஆர் நவ் அட் டேக்ஆஃப்" என்கிறார். கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர் சொல்ல வந்தது. கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொள்கிறார். "ஓகே" என்று சொல்லிச் சிறிது நிறுத்தி, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்று தொடர்கிறார். சரியாக அப்போது பான் ஆம் விமானி, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் வந்துகொண்டிருக்கிறோம் என்று குறுக்கிடுகிறார். கே.எல்.எம். விமானிகளுக்குத் தெளிவாக வந்தது அந்த "ஓகே". அடுத்த சில நொடிகள் முழுக்கக் கீச்சொலி படிந்த பேச்சு.

ஏ.எம். தன் வேலையைச் செய்துவிட்டது. குறுக்கே பேச்சு விழுந்ததைக் காட்டியது. திரும்பக் கேட்கத்தான் ஆள் இல்லை. அதற்குப் பிறகும் ஒரு வாய்ப்பு இருந்தது. ஓடுபாதையை விட்டு விலகியதும் சொல்கிறோம் என்று பான் ஆம் பேசியது கேட்டு, கே.எல்.எம். விமானத்திலிருந்த விமானப் பொறியாளர், அப்படியென்றால் அவர்கள் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டார்கள் என்று தலைமை விமானி அடித்துச் சொன்னார். 583 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு "டேக்ஆஃப்" என்ற சொல்லுக்கே பூட்டுப் போட்டார்கள். புறப்பட அனுமதி தரும்போதும், தந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் அது வரலாம். மற்ற இடங்களில் "டிபார்ச்சர்". வெறும் "ஓகே"யை நம்பி விமானத்தை நகர்த்துவதும் போயிற்று.

தவறைப் பிடிப்பதற்கான முக்கிய வலை ரீட்பேக். கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அது சரிதானா என்று கட்டுப்பாட்டாளர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இந்த இரண்டாம் பாதிதான் ஓட்டை. விமானி திருப்பிச் சொல்லும் நேரத்தில் கட்டுப்பாட்டாளரின் கண் ரேடார் திரையில் அடுத்த விமானத்தின் மேல் இருக்கும். தான் சொன்னதே திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பில் மூளை அதையே கேட்டுவிடும். ஒரே மாதிரி அழைப்புப் பெயர் கொண்ட இரண்டு விமானங்கள் அந்த நேரம் பார்த்து வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

1989 பிப்ரவரி 19, கோலாலம்பூரில் தரையிறங்க வந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு, 2400 அடிக்கு இறங்கச் சொல்லி உத்தரவு. கட்டுப்பாட்டாளர் சொன்ன விதம்: "டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ". முதலில் வந்த 'டூ' எண் 2. விமானிகளோ அதை 'வரை' என்ற பொருள் தரும் 'டு'வாக எடுத்துக்கொண்டார்கள். "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று பதில் போனது. அந்த ரீட்பேக்கிலேயே தவறு பளிச்சென்று தெரிகிறது, ஆனால் யாரும் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி கத்தியும், விமானம் குன்றில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். உயரத்தை "டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்" என்று ஆயிரம், நூறு வைத்துச் சொல்வதுதான் முறை. அப்படிச் சொல்லியிருந்தால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

எண்களின் உச்சரிப்பையும் இதே பயத்தில்தான் மாற்றி வைத்திருக்கிறார்கள். குறுகிய அலைவரிசையில் குரலின் உயர் அதிர்வெண்கள் கழன்றுவிடும்; மெய்யெழுத்துகள்தான் முதலில் அடிபடும். ஃபைவும் நைனும் ஒன்றுபோல் கேட்கும். அதனால் 5 "ஃபைஃப்", 9 "நைனர்", 3 "ட்ரீ".

சொல்லாமல் விட்ட சொல்லும் ஆளைக் கொல்லும். 1990 ஜனவரி 25, நியூயார்க்கை நோக்கி வந்த கொலம்பியாவின் அவியாங்கா 52 எரிபொருள் தீர்ந்து லாங் ஐலண்டில் விழுந்தது, 73 பேர் பலி. எரிபொருள் தீர்கிறது, முன்னுரிமை வேண்டும் என்றெல்லாம் விமானிகள் சொன்னார்கள். அவசரநிலை என்று அறிவிக்கவில்லை. கட்டுப்பாட்டாளருக்கு முன்னுரிமை வேறு, அவசரநிலை வேறு. இப்போது இதற்கென்றே, இனித் தாமதம் தாங்காது என்பதற்கு "மினிமம் ஃபியூயல்", அவசரநிலைக்கு "மேடே ஃபியூயல்" என்று தனித்தனி அறிவிப்புகள் இருக்கின்றன.

சரி, விமானி சரியாகக் கேட்டு, வார்த்தை பிசகாமல் திருப்பியும் சொல்லிவிட்டால்? 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. நிலநடுக்க நிவாரணப் பொருட்களோடு கிளம்பவிருந்த கடலோரக் காவல்படை விமானத்துக்கு, புறப்படும் வரிசையில் நீங்கள் முதலாவது, ஓடுபாதைக்கு வெளியே உள்ள சி5 காத்திருப்பு இடத்துக்குப் போங்கள் என்று உத்தரவு. ரீட்பேக்கில் பிழையே இல்லை. ஆனால் ஓடுபாதையில் நுழையவே அனுமதி கிடைத்துவிட்டதாகக் காவல்படை விமானி நினைத்துவிட்டார். விமானம் சுமார் 40 விநாடி ஓடுபாதையில் நின்றது. தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன் மேல் மோதியது. பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் தப்பினார்கள், காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். ரீட்பேக்கால் வார்த்தையைத்தான் சரிபார்க்க முடியும். கேட்டவர் அதற்கு என்ன பொருள் கொண்டார் என்பது அதில் வராது.

பேச்சையே விட்டுவிட்டு எழுத்துச் செய்தி அனுப்பினால் என்ன? கடல் மேல் பறக்கும் விமானங்கள் சி.பி.டி.எல்.சி. என்ற முறையில் அதைத்தான் செய்கின்றன. ஆனால் செய்தி போய், படித்து, பதில் வர நேரமாகும். தரையிறங்கும் கடைசி நிமிடங்களில் அதற்கு அவகாசம் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

அதனால் பேச்சைச் சாராத தடை ஒன்றையும் வைத்திருக்கிறார்கள்: ஓடுபாதையின் வாசலில் குறுக்கே பதித்த சிவப்பு விளக்கு வரிசை. அது எரியும்போது, போகலாம் என்று ரேடியோ சொன்னாலும் தாண்டக் கூடாது, நின்று கேட்க வேண்டும். விபத்து நடந்த அன்று ஹனேடாவில் அந்த விளக்குகள் பராமரிப்பில் இருந்தன. வேலை செய்திருந்தாலும் எரிந்திருக்காது. பார்வைத் தெளிவு குறைந்த நேரங்களில் மட்டுமே போடுவது அப்போது அங்கே வழக்கமாக இருந்தது. 24 மணி நேரமும் எரிய வேண்டும் என்பது ஐரோப்பாவில் விமான நிலையங்களுக்குத் தரப்பட்டிருக்கும் பரிந்துரை.