டெம்ப் நிரம்பிவிட்டதா? யார் சாப்பிட்டது என்று முதலில் பாருங்கள்

மார்ச் 31 ராத்திரி பதினொன்றரை மணிக்கு போன் அடித்தால் கடலூரில் எங்கள் வீட்டில் யாரும் பதறுவதில்லை. கணக்கு முடிக்கிற நாள், எங்கேயோ ஓர் ஆரக்கிள் டேட்டாபேஸ் திணறுகிறது என்று அவர்களுக்கே தெரியும். ஒரு வருஷம் அப்படிக் கூப்பிட்டவர் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் சிஸ்டம் அட்மின்.

“சார், சம்பள ரிப்போர்ட் ஓடவே மாட்டேங்குது. ஆரக்கிள் எரர் 01652 வருது. டெம்ப் ஃபுல் போல. இன்னொரு ஃபைல் சேர்த்துடட்டுமா?”

“இப்ப எத்தனை ஃபைல் இருக்கு தம்பி?”

“மூணு சார். ஒவ்வொண்ணும் 32 ஜிபி.”

அந்த நிறுவனத்தின் மொத்த டேட்டாவே 60 ஜிபிதான். அதை அடுக்கிப் பார்ப்பதற்கு மட்டும் 96 ஜிபி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை எரர் வந்தபோதும் ஒரு ஃபைலைச் சேர்த்தே சமாளித்திருக்கிறார்கள். ஆரக்கிள் தன் ஃபைல்களைத் தொகுத்து வைக்கும் இடத்துக்கு டேபிள்ஸ்பேஸ் என்று பெயர். 8 கேபி பிளாக் வைத்த சாதாரண டேபிள்ஸ்பேஸில் ஒரு ஃபைல் கிட்டத்தட்ட 32 ஜிபிக்கு மேல் வளராது. அதனால்தான் மூன்று.

டெம்ப் என்பது ஆரக்கிளின் தற்காலிக வேலையிடம், சமையலறை மேடை மாதிரி. வரிசைப்படுத்துவது, பெரிய டேபிள்களை ஜாயின் செய்வது, அதாவது இணைப்பது, இண்டெக்ஸ் கட்டுவது எல்லாம் முதலில் மெமரியில் நடக்கும். அங்கே கொள்ளாதபோது டெம்ப் டேபிள்ஸ்பேஸுக்கு வழியும். வேலை முடிந்ததும் மேடை அடுத்தவருக்கு. மேடையே போதவில்லை என்றால், யாரோ ஒருவர் ஊருக்கே விருந்து சமைத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எரர் வாங்கியவர்தான் இடத்தைத் தின்றவர் என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கும் எல்லாரும் அந்தச் சம்பள ரிப்போர்ட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் கடைசியாக ஏறி, இடமில்லாமல் நிற்கிறவரை விசாரித்து என்ன பயன்? மூன்று சீட்டில் மூட்டை வைத்திருப்பவரைத் தேட வேண்டும்.

டெம்ப்பில் யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் வி டாலர் டெம்ப்செக் யூசேஜ் என்ற வியூவை, யார் யார் உள்ளே இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் செஷன் வியூவோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். ஒரே செஷன், அதாவது ஒரே இணைப்பு, 90 ஜிபிக்கு மேல் பிடித்திருந்தது. அன்று சாயங்காலம் யாரோ அவசரமாக எழுதிய ஸ்டாக் குவரி. இரண்டு டேபிள், நடுவில் ஜாயின் நிபந்தனை எழுத மறந்துவிட்டார்கள். ஒன்றில் 2 லட்சம் வரிகள், இன்னொன்றில் 40 ஆயிரம். பெருக்கிப் பாருங்கள், 800 கோடி வரிகள் வரும். அதற்கு மேல் தேதிவாரியாக அடுக்கச் சொல்லி ஒரு ஆர்டர் பை வேறு. நான்காவது ஃபைல் சேர்த்திருந்தால் அதையும் விழுங்கியிருக்கும். அந்த செஷனை நிறுத்தினோம், சம்பள ரிப்போர்ட் சத்தமில்லாமல் ஓடி முடிந்தது.

அப்புறமும் தம்பிக்கு நிம்மதி இல்லை. “சார், இன்னும் நூறு சதவீதம்னே காட்டுது!” காட்டத்தான் செய்யும். ஒருமுறை பிடித்த இடத்தை ஆரக்கிள் உடனே திருப்பிக் கொடுக்காது; அடுத்த வேலைக்கு ஆகட்டும் என்று கையிலேயே வைத்துக்கொள்ளும். ‘ஒதுக்கியது’ வேறு, ‘இப்போது பயன்படுவது’ வேறு. 11ஜி பதிப்பிலிருந்து டிபிஏ டெம்ப் ஃப்ரீ ஸ்பேஸ் என்று ஒரு வியூ உண்டு. அதில் ஃப்ரீ ஸ்பேஸ் என்ற கட்டத்தைப் பாருங்கள், மறுபடி பயன்படுத்தக்கூடிய இடமும் அதில் சேர்ந்தே வரும். ஒதுக்கிய கணக்கைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் கெட்டவர்கள் எத்தனை பேர்!

இன்னொரு சிக்கல், நாம் போய்ப் பார்க்கும்போது திருடன் பெரும்பாலும் ஓடிப்போயிருப்பான். இடமில்லாமல் தோற்ற குவரி தான் பிடித்ததையும் விட்டுவிடும், வியூ காலியாகக் காட்டும். அதனால் நான் பார்க்கிற சர்வர்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த வியூவைப் படித்து, யார், எந்த குவரி, எவ்வளவு இடம் என்று ஒரு டேபிளில் எழுதிவைக்கும் சின்ன வேலை ஒன்றை ஓடவிட்டிருக்கிறேன். பத்து வரி ஸ்கிரிப்ட்தான். சில இடங்களில் குற்றவாளி ஒரு குவரியாகக்கூட இருக்காது. அப்ளிகேஷன் தற்காலிக லாப்களை (நீண்ட எழுத்து, படம் போன்ற பெரிய டேட்டா) உருவாக்கிவிட்டு விடுவிக்காமல் இருந்தால், கனெக்ஷன் பூலில், அதாவது மறுபடி பயன்படுத்தத் திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளில், நாள்கணக்காக உயிரோடிருக்கும் செஷன்கள் சொட்டுச் சொட்டாக டெம்ப்பைக் குடித்துவிடும். ஒரு நாள் பட்டியலைப் பார்த்தால் தெரியாது. ஒரு வாரப் பட்டியலைப் பார்த்தால் கோடு மேலே ஏறிக்கொண்டே போகும்.

எரர் வரியைக் கடைசி வார்த்தை வரை படியுங்கள். 01652 என்றாலே டெம்ப் என்று இல்லை. அந்த வரியின் கடைசியில் இருக்கும் டேபிள்ஸ்பேஸ் பெயர் வேறாக இருக்கலாம். புது இண்டெக்ஸ் கட்டும்போது, கட்டி முடியும் வரை அது இருக்கப்போகிற இடத்திலேயே தற்காலிகத் துண்டாகத்தான் இருக்கும். அங்கே இடம் போதவில்லை என்றாலும் இதே எரர்தான் வரும். அப்போது டெம்ப்பில் எத்தனை ஃபைல் சேர்த்தாலும் வீண்.

சரி, நிஜமாகவே ஃபைல் சேர்க்க வேண்டி வந்தால்? லினக்ஸில் 30 ஜிபி டெம்ப்ஃபைல் கண்ணிமைக்கும் நேரத்தில் உருவாகிவிடும். சந்தோஷப்படாதீர்கள். அது பெரும்பாலும் வெற்றுக்கூடு. எல்எஸ் கட்டளையில் 30 ஜிபி என்று காட்டும், டியூ கட்டளையில் சில எம்பிதான் இருக்கும். டிஸ்க்கில் இடம் பிடிப்பது நிஜமாக எழுதும்போதுதான். அதற்குள் அதே டிஸ்க்கை வேறு ஃபைல்கள் நிரப்பிவிட்டால், டெம்ப்பில் இடம் இருப்பதாக ஆரக்கிள் நம்பிக்கொண்டிருக்க, எழுதும் இடத்தில் டிஸ்க் கையை விரித்துவிடும். வருவது 01652 கூட இல்லை, எழுத முடியவில்லை என்று வேறு எரர். தேடுகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். ஃபைலை முழு அளவில் முன்பே டிஸ்க்கில் நிரப்பி உருவாக்கிவிட்டு, ரீயூஸ் என்ற சொல்லோடு சேர்ப்பது நல்லது. குறைந்தபட்சம் டெம்ப்புக்கு டிஸ்க்கில் தனிப் பகுதி (மவுண்ட்) கொடுங்கள்.

டெம்ப்ஃபைலுக்கு பேக்கப் கிடையாது, ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேன் அதை எடுக்காது, எடுக்கத் தேவையும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரு அலுவலகத்தில் தரைத்தளத்து சர்வரை அணைத்துவிட்டு வேறு ஊரில் இருந்த ஸ்டாண்ட்பைக்கு, அதாவது மாற்று நகல் சர்வருக்கு, மாறினார்கள். அவர்களிடம் இருந்தது ஆரக்கிள் 12சி பதிப்பு. மாறியது ஒழுங்காகத்தான் நடந்தது. முதல் பெரிய ரிப்போர்ட்டிலேயே 01652. பிரதான சர்வரில் பின்னாளில் சேர்த்த டெம்ப்ஃபைல்கள் ஸ்டாண்ட்பைக்குத் தானாகப் போய்ச் சேரவில்லை. அங்கே பழைய ஒற்றை ஃபைல்தான் இருந்தது. இரண்டு பக்கத்தையும் மழைக்காலத்துக்கு முன்பே ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

இனி, அழிக்கிற விஷயம். டிஸ்க் நிரம்பியதும் டெம்ப் என்ற பெயரில் பெரிதாக ஒரு ஃபைல் கண்ணில் பட்டால் கை அரிக்கும். ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளையை அடித்தாலும் இடம் திரும்பாது, ஆரக்கிள் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை லினக்ஸ் இடத்தை விடாது. நிஜமான டெம்ப்ஃபைலாக இருந்தால் பெரிய பாதகமில்லை. இப்போதைய பதிப்புகளில் மறுபடி ஸ்டார்ட் ஆகும்போது ஆரக்கிளே அதைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். முறையாகச் செய்ய வேண்டுமென்றால் புது டெம்ப் டேபிள்ஸ்பேஸ் ஒன்றை உருவாக்கி, அதை டிஃபால்ட் ஆக்கி, பழையதை யாரும் பயன்படுத்தாத நேரத்தில் நீக்குங்கள்.

கடலூர் சிப்காட் பக்கம் ஓர் இடத்தில் ஆர்எம் அடித்தும் இடம் வரவில்லையே என்று சர்வரையே ரீஸ்டார்ட் செய்துவிட்டார்கள். டேட்டாபேஸ் திறக்கவில்லை. அழித்தது டெம்ப்ஃபைலே இல்லை. எப்போதோ ஒருவர் ஸ்டாக் டேட்டாவைத் தற்காலிகமாக வைக்க உருவாக்கிய நிரந்தர டேபிள்ஸ்பேஸ், அவர் வைத்த பெயர் டெம்ப்ஸ்டாக்01. ரீஸ்டார்ட் செய்யாமல் என்னைக் கூப்பிட்டிருந்தால், ஆரக்கிள் அந்த ஃபைலை இன்னும் திறந்து பிடித்திருந்த கைப்பிடி (ஃபைல் ஹேண்டில்) வழியாகவே அதை நகலெடுத்திருக்கலாம். டிபிஏ டெம்ப் ஃபைல்ஸ் வியூவில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் அதுவும் தேவைப்பட்டிருக்காது. நல்ல காலம், முந்தைய நாள் பேக்கப்பும், அதற்குப் பிந்தைய மாற்றங்களைப் பதிந்துவைத்த ஆர்க்கைவ் லாகுகளும் முழுசாக இருந்தன. மீட்டு, திறந்து, முதல் வேலையாக அந்த ஃபைலின் பெயரை மாற்றிவிட்டுக் கிளம்பினேன். கெடிலம் பாலத்தைத் தாண்டும்போது விடிந்திருந்தது.