வெண்குஷ்டம் அல்ல, வெண்புள்ளி

சென்ற மாதம் இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகம் ஒன்றில் வரிசை எண்ணுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு தாயும் பத்து வயது மகளும். பிள்ளையின் கண்ணோரத்திலும் விரல் முட்டிகளிலும் பால் தெறித்தாற்போல் வெள்ளை. தாயின் கையில் இருந்த தமிழ் விளக்கத் தாளின் தலைப்பு: ‘வெண்குஷ்டம்’. படித்துவிட்டு அதை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார். “அக்கா, குஷ்டமா இது? ஒட்டிக்குமா?” என்று மகள் காதில் விழாதபடி கேட்டார்.

குஷ்டமும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது. தோலுக்கு நிறம் தரும் அணுக்களை உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது, அவ்வளவுதான். மருத்துவர்கள் இதற்குச் சொல்லும் ‘விட்டிலிகோ’ லத்தீன் சொல். குறை என்ற பொருளில் பிறந்தது என்பார்கள். குஷ்டம் வடசொல். பழைய மருத்துவ நூல்களில் தோல்நோய்கள் பலவற்றுக்கும் அதுவே பொதுப்பெயர். பேச்சுத் தமிழில் அது தொழுநோய் ஒன்றையே குறிக்கும்படி சுருங்கிவிட்டது.

‘பழைய பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்கிறார்கள். எப்படி இருக்கவிடுவது? தொழுநோய் கிருமியால் வருவது. நார்வே மருத்துவர் ஹான்சன் அதை 1873இல் கண்டுபிடித்தார். அந்த நோயில் திட்டு விழுந்த இடம் மரத்துப்போகும். இந்தப் பிள்ளையின் வெள்ளையைத் தொட்டால் அவளுக்குத் தெரியும். இரண்டையும் ஒரே பெயரில் எப்படி அடைப்பது? தொழுநோயாளிகளை ஊரைவிட்டுப் பிரித்துவைத்த டிரஃபால்கர் இல்லம் இங்கேதான் இருந்தது. அந்தக் காலத்தை அறிந்த பாட்டி தாத்தாக்கள் காதில் ‘குஷ்டம்’ விழுந்தால், பிள்ளைக்குத் தட்டையும் டம்ளரையும் தனியே வைத்துவிடுவார்கள்.

சிலர் ‘வெண்படை’ என்கிறார்கள். அதுவும் வேண்டாம். படை என்றாலே அரிக்கும், பரவும் என்றுதான் நினைப்போம். ‘நிறமிழப்பு நோய்’ என்றால் தேமலுக்கும் பொருந்தும், தீப்புண் ஆறிய இடத்துக்கும் பொருந்தும். ‘வெண்புள்ளி’ போதும். பெரிய திட்டுக்குப் புள்ளி என்பதா என்று கேட்கலாம். பெயர் அளவுகோல் இல்லையே! பார்த்ததைச் சொல்கிறது, பயமுறுத்தவில்லை, பிள்ளையே வகுப்பில் வாய்விட்டுச் சொல்லலாம்.

இந்தத் தாள்களைத் தமிழில் எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. பூஞ்சையால் வருவது தேமல், கர்ப்பத்திலும் வெயிலிலும் கன்னத்தில் கருமையாகப் படர்வது மங்கு, அடிபட்டால் கன்றிப்போகும், மூச்சு முட்டினால் உதடு நீலம் பாரிக்கும். இத்தனை சொல் வீட்டிலேயே இருக்க, அத்தனைக்கும் ‘தோல் நிறமாற்றம்’ என்று எழுதிவிடுகிறார்கள். என் மாமனார் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ‘தோல் நிறமாற்றம் ஏற்பட்டால் மருத்துவரை நாடவும்’ என்று அவருக்குக் கொடுத்த தாளில் இருந்தது. முழங்கைக்குக் கீழே கத்தரிப்பூ நிறத்தில் கன்றியிருந்ததை ஒரு வாரம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் மாமா என்று கேட்டேன். “நிறம் மாறலியேம்மா, கன்னிப்போச்சு, அவ்வளவுதான்” என்றார்.