உரிமைக்குப் பட்ஜெட் போடுவது எப்படி?

2024 ஜனவரியில் கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் தாக்கல் செய்த பட்ஜெட்டில் ஒரு தேதி மாற்றம் இருந்தது. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைப் பராமரிக்கும் நிறுவனங்களுக்கு 2024 ஜூலையில் தருவதாக இருந்த கட்டண உயர்வை 2025 ஜூலைக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். அந்த மாற்றத்துக்காக எந்தச் சேவையும் ரத்தாகவில்லை, யார் பெயரும் பட்டியலிலிருந்து போகவில்லை. ஆனால் மாநிலக் கருவூலத்துக்கு 61 கோடி டாலர் மிச்சம் என்று கணக்கு காட்டியது.

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு போன்றவற்றோடு வாழ்பவர்களுக்கு அரசு செலவிடும் பணம் இரக்கத்தின் அளவைப் பொறுத்தது என்று பலரும் நினைக்கிறோம். நல்ல சட்டமன்ற உறுப்பினர்கள் இருந்தால் கூடும், கல்நெஞ்சர்கள் இருந்தால் குறையும். அமெரிக்க மாநிலங்களின் பட்ஜெட்டைப் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சட்டமன்றத்தின் கைக்கு எது எட்டும், எது எட்டாது என்பதைச் சட்டம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. கைக்கு எட்டுவதில்தான் வெட்டு விழும்.

கலிஃபோர்னியாவில் எட்டாதது ஆட்களின் எண்ணிக்கை. 1969-ல் ஃபிராங்க் லாண்டர்மன் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் கொண்டுவந்து, அன்று ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் அங்கே இன்றும் நடப்பில் இருக்கிறது. அறிவுத்திறன் குறைபாடு, பெருமூளை வாதம், வலிப்பு நோய், ஆட்டிசம், இவற்றை ஒத்த வேறு நிலைகள் என்று ஐந்து வகை. 18 வயதுக்கு முன் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகப் பாதிப்பதாக இருந்தால் சேவை பெறுவது உரிமை. மாநிலத்தில் வசித்தால் போதும், குடியுரிமையோ விசாவோ பார்ப்பதில்லை. சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் நம் குடும்பங்களில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு 'ரீஜனல் சென்டர்' என்ற சொல் நன்றாகத் தெரியும். மாநிலம் முழுவதும் அப்படி 21 மையங்கள் இருக்கின்றன. அரசோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்ட லாப நோக்கற்ற தனியார் அமைப்புகள்தான் அவை. மையத்தின் ஆட்களும் குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் ஒரு தனித்திட்டம் எழுதுகிறார்கள். பெற்றோர் சற்று மூச்சு விட வீட்டுக்கு வரும் பராமரிப்பாளர், பகல்நேர மையம், வேலைக்குத் துணை, தனியாக வாழ உதவி என்று எது தேவையோ அது அந்தத் திட்டத்தில் ஏறும்.

ஏறியதைக் கொடுத்தே ஆக வேண்டும். பணம் போதவில்லை என்று சொல்லி, சில வகைச் சேவைகளை மொத்தமாக வெட்டும்படி வளர்ச்சிக் குறைபாட்டுச் சேவைகளுக்கான மாநிலத் துறை மையங்களுக்கு உத்தரவிட்டபோது, அதற்கு அதிகாரம் இல்லை என்று 1985-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனித்திட்டத்தில் ஆளுக்கு ஆள் முடிவாகும் ஒன்றைச் சுற்றறிக்கையால் மாற்ற முடியாது. சட்டமன்றம் வேண்டுமானால் சட்டத்தைத் திருத்தலாம். 2009-ல் திருத்தவும் செய்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஆக, துறையின் செலவு மதிப்பீடு மூன்று எண்களின் பெருக்கல். எத்தனை பேர், ஒவ்வொருவரும் எவ்வளவு சேவை பயன்படுத்துகிறார்கள், ஒரு மணி நேரத்துக்கோ ஒரு நாளுக்கோ என்ன கட்டணம். முதல் எண் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆண்டுதோறும் ஏறுகிறது. இரண்டாவதைத் தனித்திட்டங்கள் தீர்மானிக்கின்றன. சட்டமன்றத்தின் கைக்கு நேராக எட்டுவது மூன்றாவது எண் மட்டும்தான். 2024-25 நிதியாண்டில் இந்தத் துறையின் மொத்தச் செலவு 1,500 கோடி டாலருக்கும் மேல். அவ்வளவு பெரிய தொகையில் திருகக்கூடிய திருகு ஒன்றே ஒன்று.

அந்தத் திருகை வெகுகாலம் திருகித்தான் வந்திருக்கிறார்கள். 2003-ல் பல சேவைகளின் கட்டணத்தை உறைய வைத்தார்கள். 2008-ல் வந்த இன்னொரு விதி, புதிதாகப் பேசி முடிக்கும் கட்டணம் ஏற்கெனவே தரப்படும் கட்டணங்களின் இடைநிலை அளவைத் தாண்டக் கூடாது என்றது. விளைவு விசித்திரமானது. ஒரே தெருவில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு நிறுவனங்களுக்கு, அவை எந்த ஆண்டில் தொடங்கின என்பதைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம் கிடைத்தது. பொருளாதாரம் சரிந்த 2009-ல் எல்லாவற்றிலும் 3 சதவீதம் பிடித்தார்கள், அடுத்த ஆண்டு அது 4.25 சதவீதமானது. பொழுதுபோக்கு, முகாம் போன்ற சேவைகளைச் சட்டத்தைத் திருத்தியே நிறுத்தினார்கள். அவை திரும்பி வர 2021 ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டு. ஒரு குழந்தையின் விளையாட்டு வயது முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

கட்டணம் என்றால் பராமரிப்பாளரின் சம்பளம் என்று தோன்றும். அப்படியில்லை. கணக்கு புரிவதற்காகக் கற்பனையாக ஒரு மணி நேரக் கூலியை 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வரி, காப்பீடு, விடுப்பு எல்லாம் சேர்ந்தால் 25 ஆகிவிடும். வாரம் 40 மணி நேரம் வேலை செய்தாலும் பயிற்சி, பயணம், குறிப்பெழுதுவது போக 34 மணி நேரத்துக்குத்தான் பில் போட முடியும் என்றால், அந்த 25 டாலர் 29.40 ஆக வேண்டும். மேற்பார்வை, வாடகை, நிர்வாகம் என்று மேலும் ஐந்தாறு டாலர். ஆக 20 டாலர் கூலி கொடுக்க 35 டாலர் கட்டணம் வேண்டியிருக்கிறது. கட்டணத்தில் 3 சதவீதம் குறைந்தால் வாடகைக்காரர் குறைத்துக்கொள்ள மாட்டார், காப்பீட்டு நிறுவனமும் குறைக்காது. கூலிதான் அடிபடும்.

2019-ல் பர்ன்ஸ் அண்ட் அசோசியேட்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம் அரசுக்காக ஏறக்குறைய இந்த முறையில்தான் ஒவ்வொரு சேவைக்கும் கூலியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கணக்குப் போட்டது. நியாயமான கட்டணம் கொடுக்க ஆண்டுக்கு 180 கோடி டாலர் கூடுதலாக வேண்டும் என்று விடை வந்தது, அதுவும் மத்திய அரசின் பங்கையும் சேர்த்து. அறிக்கை இரண்டு ஆண்டு கிடப்பில் இருந்தது. 2021-ல் கருவூலம் நிரம்பி வழிந்தபோது, படிப்படியாகக் கொடுப்போம் என்று சட்டமன்றம் ஒப்புக்கொண்டது. இருந்த கட்டணத்துக்கும் நியாயக் கட்டணத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் கால் பங்கு 2022 ஏப்ரலில் அடைபட்டது, 2023 ஜனவரியில் பாதி வரை வந்தது. மீதி 2024 ஜூலையில். முதல் பத்தியில் தள்ளிப்போன தேதி இதுதான்.

அதற்குள் ஏன் பணம் தீர்ந்தது? கலிஃபோர்னியாவின் வருவாயில் பெரும்பகுதி தனிநபர் வருமான வரி, அதில் பெரும்பங்கு மிகப் பெரிய பணக்காரர்களிடமிருந்து வருகிறது. அவர்கள் வருமானம் பங்குச்சந்தையோடு ஏறி இறங்கும். 2022 மே மாதம் 9,700 கோடி டாலர் உபரி என்று அறிவித்த அதே அரசு, 2024 ஜூனில் 4,700 கோடி டாலர் அளவுக்குத் துண்டு விழுந்ததைச் சமாளிக்க வேண்டியிருந்தது. படுக்கையில் இருப்பவரைத் திருப்பிப் போடும் வேலைக்கும் டெக் நிறுவனப் பங்குகளின் விலைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பது எனக்குச் சற்று அருவருப்பாகவே படுகிறது.

ஆண்டு நடைமுறை இப்படிப் போகும். ஜனவரி 10-க்குள் ஆளுநர் முன்மொழிவு. அப்புறம் இரு அவைகளின் துணைக்குழுக்கள் துறைவாரியாகக் கேள்வி கேட்கும்; கடைசியில் பொதுமக்களுக்குப் பேச வாய்ப்புண்டு, ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிது. மே 14-க்குள் ஆளுநர் புதிய வரி வருவாய்க் கணக்கோடு திருத்திய பட்ஜெட் தருவார். ஜூன் 15-க்குள் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும், தவறினால் உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. 2010-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த விதி அது. அதன் பிறகு தாமதம் என்ற பேச்சே எழுவதில்லை! உண்மையான பேரம் மே திருத்தத்துக்கும் ஜூன் 15-க்கும் நடுவில், ஆளுநரும் இரு அவைத் தலைவர்களும் மூடிய அறையில் பேசும்போது நடக்கிறது. கட்டண உயர்வுத் தேதி அங்கேதான் 2025 ஜனவரி 1 என்று முடிவானது. ஓராண்டுத் தாமதம் ஆறு மாதமாகக் குறைந்தது. நூற்றுக்கணக்கான பெற்றோர் மைக் முன்னால் நின்று பேசியதற்குக் கிடைத்த பலன் என்றும் சொல்லலாம், நடுவில் சந்தித்துக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம்.

ஆறு மாதத் தாமதத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அதே 2024 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் பெரிய துரித உணவுக் கடைகளில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 டாலரானது. மாநிலத்தின் பொதுக் குறைந்தபட்சம் அப்போது 16 டாலர். வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று கற்று, ஒருவரைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, கடைக்கு அழைத்துப் போகும் வேலைக்கு ஆள் தேடும் நிறுவனம் பர்கர் கடையோடு போட்டி போட வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் தனித்திட்டத்தில் எழுதிய மணி நேரங்கள் காகிதத்திலேயே இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது அதற்கு அடுத்து நடப்பதுதான். ஆள் கிடைக்காமல் போன மணி நேரத்துக்கு யாரும் பில் அனுப்புவதில்லை, ஆகவே செலவு குறைகிறது. அடுத்த ஆண்டு மதிப்பீட்டைத் துறை எதிலிருந்து போடும்? பெரும்பாலும் கடந்த ஆண்டுகளில் உண்மையில் செலவான தொகையின் போக்கிலிருந்து. கிடைக்காத பராமரிப்பு, கணக்கேட்டில் தேவைப்படாத பராமரிப்பைப் போலவே தோற்றம் தருகிறது. சட்டப்படி யாரும் எதையும் மறுக்கவில்லை, வரிசை என்ற ஒன்றே இல்லை. குறைந்த கட்டணம் தன் சுவடைத் தானே அழித்துக்கொண்டு போகிறது.

டெக்சஸில் திருகு வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள 1981-க்குப் போக வேண்டும். அயோவாவின் சீடர் ரேப்பிட்ஸ் ஊரைச் சேர்ந்த கேட்டி பெக்கெட் என்ற மூன்று வயதுக் குழந்தை மூளைக்காய்ச்சலுக்குப் பின் செயற்கைச் சுவாசத்தை நம்பி மருத்துவமனையில் இருந்தாள். ஏழைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமாக மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து பணம் போடும் மெடிக்கெய்ட் மருத்துவத் திட்டம் மருத்துவமனையில் இருந்தால் பணம் கொடுக்கும், வீட்டுக்குப் போனால் கொடுக்காது. வீட்டில் பார்த்துக்கொண்டால் ஆறில் ஒரு பங்குதான் செலவு என்று அப்போது அதிபராக இருந்த ரீகனே செய்தியாளர் கூட்டத்தில் சொல்லி, விதியைக் கிண்டலடித்தார். அதே ஆண்டு வந்த சட்டம் மாநிலங்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு வாங்கும் வழியைத் திறந்தது. பராமரிப்பு விடுதிக்குப் பதிலாக வீட்டிலும் ஊரிலும் சேவை தரலாம், மத்திய அரசு தன் பங்கைத் தரும். ஆனால் அதில் ஒரு பொடி வைத்திருந்தார்கள். பெரிய விடுதிகளை மாநிலம் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டால் தகுதியுள்ள எல்லோருக்கும் இடம் தர வேண்டும். விலக்கின் கீழ் வரும் வீட்டுச் சேவைக்கோ இத்தனை இடம்தான் என்று மாநிலம் வரம்பு போட்டுக்கொள்ளலாம்.

லாண்டர்மன் சட்டம் போல ஒன்று இல்லாத டெக்சஸில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் சட்டமன்றம் எத்தனை புதிய இடங்களுக்குப் பணம் ஒதுக்குகிறதோ அத்தனை பேர்தான் உள்ளே போக முடியும். மற்றவர்கள் 'விருப்பப் பட்டியலில்' காத்திருக்கிறார்கள். முக்கியமான திட்டம் ஒன்றில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் பெயர்கள், பத்தாண்டு தாண்டியும் காத்திருப்பு. குழந்தை பிறந்ததும் பெயர் கொடுத்துவிடு என்று அங்கே பெற்றோர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். தகுதி பார்க்காமலே பெயர் ஏற்றுவதால் அந்த எண்ணிக்கையை அப்படியே தேவையின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் உண்மை. நாடு முழுவதும் இத்தகைய பட்டியல்களில் 2024-ல் ஏறக்குறைய 7 லட்சம் பேர். கட்டணத்திலும் டெக்சஸ் தாராளம் காட்டவில்லை. 2023 வரை அங்கே பராமரிப்பாளரின் அடிப்படைக் கூலி மணிக்கு 8.11 டாலர், அந்த ஆண்டில்தான் அது 10.60 ஆனது.

வெட்டுவது பார்ப்பதற்கு எளிது, கணக்கில் அது நஷ்டம். மத்திய அரசின் பங்கு ஒவ்வொரு மாநிலத்தின் தனிநபர் வருமானத்தைப் பொறுத்தது. பணக்கார மாநிலத்துக்குக் குறைந்தது 50 சதவீதம், ஏழை மாநிலத்துக்கு அதிகம், உச்சம் 83. கலிஃபோர்னியாவுக்கு 50, மிசிசிப்பிக்கு ஏறக்குறைய 77. மத்தியப் பங்கு வரும் சேவையில் கலிஃபோர்னியா ஒரு டாலர் மிச்சம் பிடிக்க இரண்டு டாலர் சேவையை வெட்ட வேண்டும், மிசிசிப்பி நான்கு டாலருக்கும் மேல் வெட்ட வேண்டும். கலிஃபோர்னிய ரீஜனல் சென்டர்கள் நடுத்தரக் குடும்பங்களிடமும் உங்கள் பிள்ளையை மெடிக்கெய்ட் விலக்கில் சேர்த்துவிடுங்கள், உங்கள் வருமானத்தைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று கேட்டுக்கொள்வது இதனால்தான். குடும்பத்துக்குக் கிடைக்கும் சேவை பெரிதாக மாறாது. மாநிலத்துக்குப் பாதிச் செலவு திரும்பி வரும்.

2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் மெடிக்கெய்டுக்கான மத்தியப் பணத்தை அடுத்த பத்தாண்டில் பெருமளவு குறைக்கிறது. விலக்குத் திட்டங்களுக்கான பணத்தை அது நேரடியாக வெட்டவில்லை. ஆனால் மருத்துவமனைகள், காப்பீட்டு நிறுவனங்கள் மீது வரி போட்டு அதற்கு இணையாக மத்தியப் பணம் வாங்கும் பழைய வழியை அது இறுக்குகிறது. 2016-ல் கலிஃபோர்னியா இந்தக் கட்டணங்களை உயர்த்த 28 கோடி டாலருக்கு மேல் கண்டுபிடித்தது அப்படிப்பட்ட காப்பீட்டு நிறுவன வரி ஏற்பாட்டிலிருந்துதான்.