சிரியஸை ஆட்டிவைக்கும் குட்டி நட்சத்திரம்

இரவு வானத்தில் எல்லா நட்சத்திரங்களையும்விடப் பளிச்சென்று தெரிவது சிரியஸ். 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதன் நகர்வைப் பல ஆண்டு அளவீடுகளோடு ஒப்பிட்ட ஜெர்மன் வானியலாளர் ஃபிரெட்ரிக் பெசல், அது நேராகப் போகாமல் லேசாக நெளிந்து நெளிந்து போவதை 1844-ல் அறிவித்தார். கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதை இழுக்கிறது என்பது அவர் கணிப்பு. 1862-ல் அமெரிக்காவில் புது லென்ஸ் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்த ஆல்வன் கிரஹாம் கிளார்க் கண்ணில் அந்தத் துணை மங்கலான புள்ளியாகச் சிக்கியது. அதுதான் சிரியஸ் பி.

மங்கலாக இருப்பதால் ஆறிப்போன நட்சத்திரம் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் 1915-ல் அமெரிக்க வானியலாளர் வால்டர் ஆடம்ஸ் அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்தபோது, அது கொதிக்கும் வெள்ளை நட்சத்திரம் என்று தெரிந்தது. மேற்பரப்பு வெப்பம் சுமார் 25,000 கெல்வின். அவ்வளவு சூடாக இருந்தும் மங்கலாகத் தெரிகிறதென்றால் ஆள் ரொம்பச் சின்னது என்றுதானே அர்த்தம்? ஆமாம், பூமியைவிடக் கொஞ்சம் சிறியது. நிறையோ சூரியனுக்குச் சமம். அதில் ஒரு டீஸ்பூன் அள்ள முடிந்தால் பத்து டன்னுக்கு மேல் இருக்கும்.

எந்த நட்சத்திரமும் உயிரோடிருக்கும் வரை உள்ளே ஒரு இழுபறி நடக்கும். ஈர்ப்பு அதை நசுக்கப் பார்க்கும். அணுக்கரு இணைவில் பிறக்கும் வெப்பம் வெளியே தள்ளும். சிரியஸ் பி பிறந்தபோது சூரியனைப்போல் சுமார் ஐந்து மடங்கு நிறையோடு இருந்தது. எடை கூடக்கூட எரிபொருள் வேகமாகத் தீரும். அதனால் கூடவே பிறந்த சிரியஸ் ஏ (நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் பெரிய நட்சத்திரம்) இன்னும் நிதானமாக ஹைட்ரஜனை எரித்துக்கொண்டிருக்க, இது முந்திக்கொண்டு ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் முடித்துவிட்டு, வெளி அடுக்குகளை ஊதித் தள்ளிவிட்டது. மிஞ்சியது கார்பனும் ஆக்சிஜனும் நிறைந்த கரு. இதைத்தான் வெண்குள்ளன் என்கிறோம்.

சரி, எரிபொருளே இல்லாமல் அது ஏன் இன்னும் நொறுங்கவில்லை? எலக்ட்ரான்கள்தான் காரணம். ஒரே குவாண்டம் நிலையில், அதாவது ஒரே இடம், ஒரே வேகம், ஒரே சுழற்சி என்று எல்லாம் ஒத்த நிலையில், இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது. நெருக்க நெருக்க அவை வேகமெடுத்து எதிர்த்துத் தள்ளும். இந்த அழுத்தத்துக்கு வெப்பம் தேவையில்லை என்பதால் நட்சத்திரம் முழுக்க ஆறினாலும் தாங்கும். ஆனால் இது தாங்கும் நிறைக்கும் ஓர் எல்லை உண்டு. 1930-ல் இங்கிலாந்துக்குப் படிக்கக் கப்பலேறிய 19 வயது சென்னை மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர் போகிற வழியில் அந்தக் கணக்கைப் போட்டார். பின்னர் துல்லியப்பட்ட அந்த எல்லை, சூரியனின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் எலக்ட்ரான்களால் தாங்க முடியாது. அன்றைய பிரபல ஆங்கிலேய வானியலாளர் ஆர்தர் எடிங்டன் இதை வெளிப்படையாகக் கேலி செய்தார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983-ல்.

ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டின்படி, இத்தனை நிறை இவ்வளவு சிறிய இடத்தில் அடைந்து கிடந்தால் சுற்றியுள்ள காலவெளி (காலமும் இடமும் சேர்ந்த பின்னல்) நன்றாகவே வளையும். அந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வரும் ஒளி ஆற்றலை இழக்கும், அலைநீளம் சிவப்புப் பக்கம் நகரும். 1925-ல் ஆடம்ஸ் இதை அளந்தார். எடிங்டன் சொன்ன கணிப்போடு பொருந்தியதால் ஐன்ஸ்டைனுக்குக் கிடைத்த வெற்றி என்று கொண்டாடினார்கள். வேடிக்கை என்னவென்றால் கணிப்பு, அளவீடு இரண்டுமே தப்பு! பக்கத்திலிருந்த சிரியஸ் ஏ-யின் வெளிச்சம் கலந்து அளவீட்டைக் கெடுத்திருந்தது. உண்மையான நகர்வு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று பிற்கால அளவீடுகள் காட்டின, ஹப்பிள் தொலைநோக்கியும் அதை உறுதிசெய்தது. ஐன்ஸ்டைன் கோட்பாடு தப்பவில்லை. சரியான ஆரத்தை வைத்துக் கணக்கிட்டால் அது தரும் விடையும் இதுதான்.

ஒளி மட்டுமல்ல, நேரமும் அங்கே மெதுவாகத்தான் ஓடும். சிரியஸ் பி-யின் பரப்பில் ஒரு கடிகாரத்தை வைக்க முடிந்தால், நம் கடிகாரத்தைவிட அது நாளொன்றுக்குச் சுமார் 23 விநாடி பின்தங்கும்.